கால் வைக்காமல் ஓடும் கார்

1

அம்மா ஊருக்குத் திரும்பிப் போய் நேற்றோடு ஒரு வருடம். அதை ஞாபகப்படுத்தியதும் அவர்தான். வாழைச்சேனையில் தொலைபேசி வைத்திருக்கும் ஒரு கடையில் வரிசையில் நின்று, தன்னுடைய முறை வந்ததும் எனக்கு அழைப்பு எடுத்திருந்தார். பின்னால் நிற்பவர்கள் அவசரப்படுத்துவது கனடா வரைக்கும் கேட்டது. பேரன் நடக்கிறானா என்றுதான் முதலில் கேட்பார் என நினைத்தேன்.

"மனே, மருமகன்ட கால் என்ன மாதிரி? கார் இன்னமும் கால் வைக்காம ஓடுதா?"

"ஓடுதும்மா."

"நூல் இருக்கா?"

"இருக்கு."

"அப்ப சரி. எங்க என்ட பேரன்?"

கடையில் நின்றவர்கள் என்ன நினைத்திருப்பார்களோ தெரியாது. கால் வைக்காமல் ஓடும் காரையும் அதில் இருக்கும் நூலையும் பற்றி வெளிநாட்டில் இருக்கும் மகளிடம் விசாரிக்கும் பெண்ணுக்கு நட்டுக் கழன்றுவிட்டது என்று யாராவது சொல்லியிருக்கலாம். அவர்களுக்காகவும், ஊரில் இருந்து இதை வாசிக்கும் மற்றவர்களுக்காகவும் அந்தக் கதையை முதலில் இருந்து சொல்கிறேன்.

நாங்கள் இருப்பது கனடாவின் நடுப்பகுதியில், கோதுமை வயல்களுக்குள் கிடக்கும் ஒரு சிறிய நகரத்தில். றொறன்ரோவில் உள்ளதுபோல இங்கே தமிழ்க் கடையும் இல்லை, கோயிலும் இல்லை. எங்கள் ஊர் கிரானில் வயல் வட்டையில் நின்று பார்த்தால் தூரத்தில் ஒரு பனையாவது தெரியும். இங்கே அதுவும் கிடையாது. வரம்பே இல்லாத ஒரு பெரிய வட்டை என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே வந்ததற்குக் காரணம் நான்தான். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் கையெழுத்து என்றால் பெருவிரல்தான். நான் மட்டக்களப்பு நகரத்தில் விடுதியில் தங்கி விஞ்ஞானம் படித்து, இங்கே வந்து மறுபடியும் படித்து, இந்த ஊர் வைத்தியசாலையின் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். இதைப் பெருமைக்காகத்தான் எழுதுகிறேன். வேறு எதற்காக எழுதுவது?

என் கணவர் குகனுக்கு வேலை பக்கத்து நகரத்தில். பயிர் வெட்டும் இயந்திரங்களின் உதிரிப்பாகங்களை அடுக்கி வைக்கும் ஒரு களஞ்சியம். பக்கத்து நகரம் என்றாலும் போக ஒரு மணித்தியாலத்துக்கு மேலே ஆகும். அவருடைய வலது முழங்காலுக்குள் ஊரில் விழுந்த ஷெல்லின் ஒரு துண்டு இன்னும் இருக்கிறது. எடுத்தால்தான் ஆபத்து, இருந்துவிட்டுப் போகட்டும் என்று வைத்தியர்கள் விட்டுவிட்டார்கள். நடக்கலாம், மாடிப்படி ஏறலாம். ஆனால் காலை ஒரே சரிவில் வைத்து எக்ஸிலேற்றரை அழுத்திக்கொண்டே இருந்தால் முழங்கால் வீங்கிவிடும்.

அதனால்தான் அந்தப் பழைய காரைத் தேடி வாங்கினோம். அதில் குறூஸ் கொன்ட்ரோல் என்ற ஒன்று இருந்தது. உழவு மெசினில் கையால் இழுத்து வைக்கும் எக்ஸிலேற்றர் இருக்குமே, அதற்குக் கொஞ்சம் புத்தி கொடுத்ததுபோல. வேகத்தைப் பிடித்ததும் ஒரு பொத்தானை அமர்த்தினால் முன்னால் பச்சை விளக்கு ஒன்று எரியும். பிறகு காலை எடுத்துவிடலாம். கார் அந்த வேகத்தைத் தானே காப்பாற்றிக்கொண்டு போகும். இந்த நேரான சாலைகளில் குகனின் முழங்கால் பிழைத்தது அந்தப் பச்சை விளக்கால்தான்.

2

நான் கர்ப்பமாக இருந்தபோது அம்மாவை வரவழைத்தோம். வரவழைத்தோம் என்று ஒரு சொல்லில் எழுதிவிட்டேன். கிரானில் இருந்து கொழும்புக்கு வர எத்தனை தடவை சோதனைச்சாவடிகளில் பஸ்ஸில் இருந்து இறக்கி ஏற்றினார்கள் என்பதும், கொழும்பு லொட்ஜில் தங்குவதற்குப் பொலிசில் பதிந்த கதையும், விசாக்காரர்கள் 'உங்கள் மகள் உண்மையில் உங்கள் மகள்தானா' என்று கேட்ட கதையும் தனியாக எழுத வேண்டியவை. அந்தக் கேள்விக்கு அம்மா சொன்ன பதில்: "அவள்ட வாயக் கேட்டா உங்களுக்கே தெரியும்."

இங்கே விமான நிலையத்தில் பையைத் திறக்கச் சொன்னார்கள். கருவாடு போயிற்று. தயிர் மிளகாய் போயிற்று. ஒரு சின்னச் செப்புக் கூடு கோர்த்த நூற்கட்டு ஒன்றை மட்டும் அதிகாரி விரலால் தூக்கிப் பார்த்தார். அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் கோயிலில் பூசை வைத்த மஞ்சள் நூல். அதோடு முறுக்கியிருந்த கறுப்பு நூல் முஸ்லிம் ஊரான காத்தான்குடியில் ஓதி வாங்கியது. அம்மா வழமையாகச் சீலை வாங்கும் கடைக்காரரின் மனைவி, பிள்ளைப்பேறு என்றதும் தானே ஓதுவித்துக் கொடுத்தாராம். ஏன் இரண்டு என்று பிறகு கேட்டேன்.

"ரெண்டு பக்கமும் சொல்லி வைக்கிறது நல்லதுதானே," என்றார் அம்மா.

அதிகாரி இதில் ஆபத்து ஒன்றும் இல்லை என்று கண்டு, பக்குவமாகச் சுருட்டித் திருப்பிக் கொடுத்தார்.

அம்மா அந்தக் காரில் ஏறிய முதல் நாளே ஒன்றைக் கவனித்தேன். முன் ஆசனத்தில் இருந்துகொண்டு, ஒவ்வொரு சந்தி வரும்போதும் இரண்டு கால்களையும் தரையில் ஊன்றி அழுத்தினார். முழங்கால்கள் விறைத்து நிற்கும். சந்தி தாண்டியதும் கொஞ்சம் தளரும். அடுத்த சந்தி வரும்.

"மாமி, அங்க பிறேக் இல்ல," என்றார் குகன்.

"தெரியும் தம்பி. நீங்க உங்கட பக்கத்துல அமத்துங்க, நான் என்ட பக்கத்துல அமத்துறன்."

3

பனி கொட்டத் தொடங்கிய பிறகுதான் காருக்குக் கோளாறு வந்தது. பொத்தானை அமர்த்தினால் பச்சை விளக்கு எரியும். கொஞ்சத் தூரம் போகும். ரோட்டில் ஒரு சின்னக் குலுக்கல் வந்தால் போதும், அணைந்துவிடும். சில நாட்களில் பாதி வழி வரை போகும். சில நாட்களில் எரியவே எரியாது.

குகன் காலை வைத்தே ஓட்டினார். ஒரு கிழமையில் முழங்கால் பலாக்கொட்டை ஊறியதுபோல உருண்டு நின்றது. வீட்டுக்கு வந்ததும் அம்மா நல்லெண்ணெய் சுட வைத்துத் தடவுவார். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு பகிடி விடுவார்.

கராஜுக்குக் கொண்டுபோனோம். அந்த மனிதர் நல்லவர். காரை எடுத்துக்கொண்டு நகரத்துக்குள் ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். அங்கே ரோடு பாய் விரித்ததுபோல இருக்கும். பச்சை விளக்கு அசையாமல் எரிந்தது. பியூஸ் பார்த்தார், பிறேக்கை அமர்த்திப் பின்விளக்குப் பார்த்தார். எல்லாம் சரி. கடைசியில், உள்ளே இருக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி பழசாகியிருக்கலாம், பழைய மாடல் என்றபடியால் சாமான் எடுப்பிக்க நாள் செல்லும், மாற்றினாலும் சரிவரும் என்று உறுதி சொல்ல முடியாது என்றார்.

அன்று இரவுச் சாப்பாட்டில் குகன் சொன்னார்:

"வதனி, இந்த வேலைய விட்டுட்டு றொறன்ரோவுக்குப் போவமா? அங்க பஸ், ரயில் எல்லாம் இருக்கு. கார் தேவைப்படாது."

"என்ட வேலை?"

"அங்கயும் ஆஸ்பத்திரி இருக்குத்தானே."

இருக்கிறது. அங்கே வேலை கிடைக்க எத்தனை பேர் வரிசையில் நிற்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். என் பெயர் பொறித்த அட்டையை வெள்ளை மேலங்கியில் குத்திக்கொண்டு நான் நிற்கும் அந்தக் கூடத்தை, ஒரு காரின் குறைக்காக விட்டுவிட்டுப் போவதா? ஆனால் எதிரே இருந்தவரின் காலையும் பார்த்தேன். மாத முடிவுக்குள் கார் சரிவராவிட்டால் போவோம் என்று சம்மதித்தேன். அம்மா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

அடுத்த நாள் நூலகத்துக்குப் போய் அந்தக் காருக்குரிய திருத்தப் புத்தகத்தை எடுத்து வந்தேன். நான் பிரசவ விடுப்பில் நின்ற காலம் அது. புத்தகம் என்றால் எனக்குப் பயம் கிடையாது. எங்கள் ஆய்வுகூடத்தில் ஒரு பழக்கம் உண்டு: பரிசோதனை பிழைத்தால் எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றக் கூடாது. ஒன்றை மட்டும் மாற்று, பார். பிறகு அடுத்தது. அப்படியே தொடங்கினேன். பின்விளக்குக் குமிழ்களைக் கழற்றிப் பார்த்தேன். நல்லவை. எஞ்சினில் இருந்து போகும் காற்றுக்குழாய் ஒன்றில் வெடிப்புப்போல இருந்தது. நாடா சுற்றினேன். அடுத்த நாளும் விளக்கு அணைந்தது.

"என்ன இஞ்சினியரம்மா, நோயாளிக்கு ரத்தம் எடுத்தாச்சா?" என்று குகன் கேட்டார்.

"எடுத்தாச்சு. இன்னும் வருத்தம் பிடிபடயில்ல."

"காருக்குச் சீனி வருத்தமா இருக்கும். இந்த வீட்டுல போடுற தேத்தண்ணி அப்பிடி."

"ஏன் தம்பி, நீங்க மூணு கரண்டி கேக்கிற, நான் போடுறன்," என்றார் உள்ளே இருந்து அம்மா.

4

அந்தக் கோளாறு பிடிபட்ட காலைப்பொழுது நன்றாக ஞாபகம் இருக்கிறது. குகன் வேலைக்குப் புறப்பட்டார். காரின் பின்பக்கம் ஒதுக்கிவிட்ட பனி ஒரு மேடாகக் குவிந்திருந்தது. நான் வாசலில் போர்வையைச் சுற்றிக்கொண்டு நின்றேன். அவர் கார்க் கதவைத் திறந்து, ஆசனத்தில் பக்கவாட்டாக இருந்து, இரண்டு கால்களையும் வெளியே நீட்டிச் சப்பாத்தில் ஒட்டிய பனியைத் தட்டிக்கொண்டிருந்தார்.

பனிமேடு சிவப்பாக இருந்தது.

விடியும் நேரத்து வெளிச்சமோ என்று வானத்தைப் பார்த்தேன். வானம் சாம்பல். மறுபடியும் பனியைப் பார்த்தேன். காரின் பின்விளக்குகள் இரண்டும் எரிகின்றன. பிறேக்கை மிதித்தால் மட்டும் எரியும் விளக்குகள். மிதிக்க வேண்டிய கால் இரண்டும் வெளியே நிற்கின்றன!

"அப்பிடியே இருங்க! அசையாதீங்க!" என்று கத்தினேன்.

அவர் கையை மேலே தூக்கிவிட்டார். ஊரில் ஆமிக்காரன் கத்தினால் செய்யும் பழக்கம். பரபரப்புக்கு நடுவிலும் சிரிப்பு வந்தது.

புத்தகத்தில் படித்தது எல்லாம் ஒன்றோடொன்று வந்து பொருந்தியது. ஓட்டுபவர் பிறேக்கைத் தொட்டால் கார் உடனே பொறுப்பை அவரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதற்காகப் பிறேக் மிதியின் தண்டுக்கு மேலே ஒரு சின்னப் பொத்தான் இருக்கிறது. மிதி தன் இடத்தில் நின்றால் பொத்தான் அமுங்கியிருக்கும். மிதி ஒரு நூலளவு இறங்கினாலும் பொத்தான் வெளியே வரும், பின்விளக்கு எரியும், குறூஸ் நின்றுவிடும். அப்படியென்றால் இந்தக் காரில் யாரும் மிதிக்காமலே மிதி இறங்கி நிற்கிறது. எதுவோ அதை மேலே போகவிடாமல் தடுக்கிறது.

குனிந்து பார்க்க வேண்டும். எனக்கு வயிறு இடம் கொடுக்காது. குகனுக்கு முழங்கால் மடங்காது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அம்மாவைப் பார்த்தோம். அவர் ஏற்கெனவே டோர்ச்சோடு வந்து நின்றார்.

அம்மா சீலையைச் செருகிக்கொண்டு, எங்கள் வயலில் களை பிடுங்கக் குனிவதுபோலச் சுலபமாகக் குனிந்து, மிதிகளுக்குக் கீழே தலையை விட்டார்.

"நடு மிதி தெரியுதா? அதுட தண்டு மேல போய் ஒரு இறப்பர் கட்டையில முட்டி நிக்கணும்."

"ஓம், தெரியுது."

"முட்டுதா?"

"முட்டயில்ல. கொஞ்சம் இடைவெளி கிடக்கு."

"நடுவுல என்ன இருக்கு? நல்லாப் பாருங்க."

டோர்ச் வெளிச்சம் மிதிகளுக்குள் அங்குமிங்கும் அலைந்தது.

"ஒண்ணும் இல்ல மனே."

"ஒண்ணும் இல்லாம எப்பிடி இடைவெளி வரும்?"

"ஒண்ணும் இல்ல எண்டுறன். நம்மட நூல்தான் இருக்கு."

குகன் காரின் கூரையில் தலையை வைத்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"நம்மட நூலா? அது அங்க எப்பிடிப் போன?"

"நான்தான் கட்டினன். வந்த கிழமையே. உனக்குச் சொன்னா நீ விஞ்ஞானம் பேசுவாய்."

"அம்மா! இவ்வளவு நாளா இந்த மனிசன் காலோட படுற பாடு! நீங்கதானே எண்ணெய் தடவின?"

"கோவிக்காத, வயித்துப் புள்ளைக்கு ஆகாது. நான் என்னத்தக் கண்டன், இந்தக் கார் நூலுக்கெல்லாம் கோவிக்கும் எண்டு."

குண்டூசி விழுந்தாலும் அதை ஒரு பொருளாகக் கணக்கெடுப்பவர் அம்மா. ஆனால் நூலை அவர் அங்கே இருக்கும் ஒரு பொருளாக நினைக்கவே இல்லை. காருக்குள் காற்று இருப்பதுபோல அதுவும் இருக்கிறது, அவ்வளவுதான். செப்புக் கூடு ஒரு பக்கம் திரும்பி நின்றால் மிதிக்குத் தொந்தரவு இல்லை. குலுங்கி மற்றப் பக்கம் திரும்பினால் தண்டுக்கும் இறப்பருக்கும் நடுவில் போய் இறுகிக்கொள்ளும். பனி இறுகி ரோடு கரடுமுரடாகும் வரை கோளாறு வராமல் இருந்ததும், நகரத்துக்குள் அது தெரியாமல் போனதும் அதனால்தான்.

பிறகு கராஜ்காரருக்குத் தொலைபேசியில் சொன்னேன். "அந்த நூலை நான் கண்டேன். உங்கள் சமயத்துக்கு உரியதாக இருக்கும், தொடுவது மரியாதை இல்லை என்று விட்டுவிட்டேன்," என்றார். விமான நிலைய அதிகாரி பக்குவமாகச் சுருட்டிக் கொடுத்தார், கராஜ்காரர் மரியாதையாகத் தொடாமல் விட்டார். இந்த நாட்டு மரியாதையில் எங்கள் குடும்பமே றொறன்ரோவுக்குப் போகப் பார்த்தது.

5

"ஏன் மாமி பிறேக்குல கட்டின? எல்லாரும் கண்ணாடியிலதானே தொங்க விடுற," என்று குகன் கேட்டார். அம்மா இன்னும் காருக்குள்தான் குனிந்திருந்தார். வெட்டக் கூடாது, அவிழ்க்கத்தான் வேண்டும் என்று சொல்லி முடிச்சோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"கண்ணாடியா தம்பி வண்டிய நிப்பாட்டும்?"

பிறகு முடிச்சைப் பார்த்தபடியே சொன்னார். என் சின்ன மாமா பேரின்பம் உழவு மெசின் ஓட்டி வந்தபோது ஆமிக் காவலரணில் துப்பாக்கிச் சூடு பட்டவர் என்பது எனக்குத் தெரியும். நான் அப்போது நகரத்தில், விடுதியில் இருந்தேன். ஊர்ப் பாதை மூடிக் கிடந்ததால் பிறகுதான் கேள்விப்பட்டேன். மாமா தேறி வந்த பிறகு தோளில் இருந்த தழும்பைக் காட்டிப் பகிடியாகவே அதைச் சொல்வார். அம்மா அன்று அந்த மெசினில் இருந்தார் என்பதைத்தான் எனக்கு யாரும் சொல்லவில்லை.

"வெட்டின நெல்ல ஏத்திக்கிட்டு வாறம். நான் மெசின் பெட்டியில மூட்டைக்கு மேல இருக்கன். வழியில வாய்க்கால்ல இறங்கி ஏறின, பிறேக்கெல்லாம் தண்ணி. முன்னால சென்றி. ஆமிக்காரன் கையக் காட்டுறான். பேரின்பம் அமத்துறான், மெசின் நிக்கிதில்ல. மூட்டைப் பாரம் பின்னால இருந்து தள்ளுது. ரெண்டு காலையும் தூக்கிப் பிறேக்குல போட்டு எழும்பி நிண்டான் மனே. எழும்பி நிண்டு மிதிச்சான். மறுகாவும் நிக்கயில்ல. அவனுகள் சுட்டுட்டானுகள்."

முடிச்சு அவிழ்ந்துவிட்டது. அம்மா அதைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார்.

"மூட்டையெல்லாம் ஓட்டை. நெல்லு கொட்டிக்கிட்டே இருந்திச்சு. நான் அவன்ட ரெண்டு காலத்தான் பாத்துக்கிட்டு இருந்தன்."

நான் கோபப்பட நினைத்த மிச்சம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. இங்கே கார் வைத்திருப்பவர்களின் பயம், குளிரில் ஒருநாள் அது ஓடாமல் விட்டுவிடுமோ என்பது. அம்மாவின் பயம், நிற்க வேண்டிய இடத்தில் அது நிற்காமல் விட்டுவிடுமோ என்பது.

"இத எங்க கட்டுற இனி?" என்று என்னைக் கேட்டார். வீட்டில் படித்தவள் நான்தானே.

இரண்டு ஆசனங்களுக்கும் நடுவில் இருந்த தடியைக் காட்டினேன்.

"இது என்ன?"

"கை பிறேக்."

"இதுவும் பிறேக்கா?"

"ஓம். கால் பிறேக் விட்டாலும் இது பிடிக்கும்."

அம்மாவின் முகம் தெளிந்தது. "இத முதலே காட்டியிருக்கலாமே," என்று என்னைக் குறை சொல்லிவிட்டு, திருநீறு பூசி, அதன் கழுத்தில் தானே கட்டினார். நான் கட்டும் இடத்தை அளந்து, தடி ஏறி இறங்க இடைஞ்சல் இல்லை என்று இரண்டு தரம் பார்த்துச் சம்மதம் கொடுத்தேன். குகன் அன்று வேலைக்குப் பிந்தித்தான் போனார். போய்ச் சேர்ந்ததும் களஞ்சியத்தில் இருந்து தொலைபேசி எடுத்தார்.

"வழி முழுக்க விளக்கு அணையவே இல்ல. இஞ்சினியரம்மாட்டச் சொல்லுங்க மாமி, நோயாளி வீட்டுக்குப் போகலாமாம்."

றொறன்ரோ பற்றி அதன் பிறகு யாரும் பேசவில்லை. அட்டை குத்திய என் மேலங்கி அலுமாரியில் அப்படியே தொங்கியது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவை முன்னால் இருத்திக்கொண்டு பெருஞ்சாலையில் போனோம். நான் பின்னால் இருந்தேன். இரண்டு பக்கமும் பனி மூடிய வயல், அரிந்த கோதுமைத் தாள்கள் மட்டும் வரிசை வரிசையாகத் தலை நீட்டிக்கொண்டிருந்தன. வெயில் இருந்தது. நகரத்தின் கடைசிச் சந்தியில் அம்மா வழமைபோலக் கால்களை ஊன்றினார். அதைத் தாண்டியதும் குகன் வேகத்தைப் பிடித்துப் பொத்தானை அமர்த்தினார். பச்சை விளக்கு எரிந்தது.

"மாமி, இஞ்ச பாருங்க."

குகன் இரண்டு கால்களையும் மிதிகளில் இருந்து எடுத்து, ஆசனத்துக்குக் கீழே இழுத்துக்கொண்டார். கார் அதே வேகத்தில் போனது. ஒரு பாலத்தின் மூட்டு வந்தது. கார் தடக்கென்று குலுங்கியது. பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

அம்மா அவருடைய கால்களையே பார்த்தார். ரோட்டைப் பார்க்கவில்லை, வயலைப் பார்க்கவில்லை.

"ரெண்டு காலும் சும்மா இருக்கு," என்றார்.

"ஓம் மாமி."

"பேரின்பத்துக்குச் சொல்லணும். அவன் நம்ப மாட்டான்."

பிறகு குனிந்து, தன் பனிச் சப்பாத்து இரண்டையும் கழற்றி ஓரமாக வைத்தார். கால்களைத் தூக்கி ஆசனத்தில் மடக்கிச் சம்மணம் போட்டு இருந்துகொண்டு, மடியில் இருந்த கடலைப் பொட்டலத்தைப் பிரித்து, பின்னால் இருந்த எனக்கு முதலில் நீட்டினார்.